வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு என்ன சிகிச்சை?

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. வீட்டில் தம்பியிடமும் பாட்டியிடமும் ஓயாமல் பேசுகிறவன். லிஃப்ட்டில் யாராவது பெயர் கேட்டால் அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய்விடுகிறான். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. பிறந்தநாள் பார்ட்டி என்றால் காலையிலிருந்தே வயிற்றுவலி. இரண்டு மாதம் முன்பு, டாய்லெட் போகவேண்டும் என்று மிஸ்ஸிடம் கேட்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டான். அதிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுபோன மாதிரியே நிறைந்து திரும்பி வருகிறது. ‘வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் மாமனார். கவுன்சலிங், மாத்திரை, ஸ்பீக்கிங் கிளாஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்குப் போவது?’

நான் சென்னையில் பல வருடங்களாகப் பிள்ளைகளைப் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் ‘அவனுக்கு இதுதான்’ என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண் நின்ற இடம் அந்தத் தண்ணீர் பாட்டில். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டுப் பிறகு பழகிவிடும். தாகத்தைக் கூட அடக்கிக்கொண்டு நாளை ஓட்டும் பிள்ளை வேறு. அவன் யாருக்கும் தெரியாமல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறான்: குடித்தால்தானே போகவேண்டும், போனால்தானே கேட்கவேண்டும். இந்தக் கணக்குக்குச் சோஷியல் ஆங்சைட்டியில், அதாவது மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அளவுக்கு மீறிப் பயப்படும் சமூகப் பயத்தில், ‘தவிர்த்தல்’ என்று பெயர். சிகிச்சை முழுவதும் இதை எப்படி அவிழ்ப்பது என்பதைச் சுற்றித்தான் நடக்கும். (தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால் இன்ஃபெக்ஷனும் மலச்சிக்கலும் வரலாம். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.)

பெயர் வைப்பதற்கு முன் சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேட்டின்படி இந்தப் பயம் பொதுவாக 6 மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். படிப்பையோ நட்பையோ தடுக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு நிபந்தனை உண்டு: பெரியவர்களிடம் மட்டும் பயந்தால் போதாது, சமவயதுப் பிள்ளைகள் நடுவிலும் அந்தப் பயம் இருக்கவேண்டும். பல பெற்றோர் ‘என் பிள்ளைக்குப் பயமெல்லாம் இல்லை, அழுது அடம்தான் பிடிக்கிறான்’ என்பார்கள். சின்னப் பிள்ளைக்கு அதுவே பயம். அழுகை, அடம், ஒட்டிக்கொள்ளுதல், சிலை மாதிரி உறைந்துபோதல் எல்லாம் அந்தக் கையேட்டிலேயே இருக்கிறது.

வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு வார்த்தைகூட, பக்கத்து பெஞ்சுப் பையனிடம்கூட, இல்லை என்றால் செலக்டிவ் மியூட்டிசம் என்ற நிலையா என்று பார்க்கவேண்டும். அதுவும் பயத்தின் குடும்பம்தான், சிகிச்சையின் வேகம் மட்டும் மாறும். ஆட்டிசம், திக்குவாய், காது சரியாகக் கேட்காமை, யாராவது கேலி செய்து கொடுமைப்படுத்துவது, இவற்றையும் விசாரிக்காமல் தெரபியைத் தொடங்கக்கூடாது. சென்னைக்கே உரிய ஒன்று: ஊரில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே சிபிஎஸ்இ பள்ளிக்கு வந்த பிள்ளை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு சிறுமி ‘ஏல’ என்று ஒருமுறை சொன்னதற்கு வகுப்பே சிரித்துவிட்டது. அதோடு ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. அவளுக்கு முதலில் தேவைப்பட்டது தெரபி இல்லை. வகுப்பு ஆசிரியையிடம் ஒரு பேச்சு.

சரி, சோஷியல் ஆங்சைட்டிதான் என்று வைத்துக்கொள்வோம். அதிக ஆதாரம் உள்ளது சிபிடி என்கிற நடத்தை–சிந்தனைச் சிகிச்சை. மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியும் குழந்தைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறது. தனியாகவோ குழுவாகவோ 8 முதல் 12 செஷன். தனி என்றால் 45 நிமிடம், குழு என்றால் 90 நிமிடம். மாத்திரையை இந்த வயதில் வழக்கமாகத் தரவேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

சிபிடி என்றதும் பெற்றோர் நினைப்பது, ஓர் அறையில் உட்கார்த்தி வைத்து அறிவுரை சொல்வார்கள் என்று. அறிவுரையால் போகிற பயமாக இருந்தால் நம் வீட்டுப் பாட்டிகளே போக்கியிருப்பார்கள். இதில் உயிர்நாடியான பகுதி எக்ஸ்போஷர்: பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படியாக, பிள்ளையின் சம்மதத்தோடு, திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது. எப்படி நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்து வயதுப் பையன். கடையில் எதுவும் கேட்டு வாங்கமாட்டான். எங்கள் கிளினிக் தெருமுனையில் ஓர் அண்ணாச்சி கடை உண்டு. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் ‘நடக்கப்போறது’, வலப்பக்கம் ‘நடந்தது’ என்று எழுதினோம். இடப்பக்கம் அவன் எழுதியது: ‘குரல் வராது. அண்ணாச்சி கத்துவாரு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.’ பயம் பத்துக்கு எவ்வளவு என்றேன். எட்டு என்றான். கடைக்கு எதிரே பத்து நிமிடம் நின்றிருப்போம். நான் ‘போ’ என்று சொல்லவில்லை, ‘பயப்படாதே’ என்றும் சொல்லவில்லை. போனான். நிஜமாகவே குரல் வரவில்லை. அண்ணாச்சியும் நிஜமாகவே ‘என்ன தம்பி, சத்தமாச் சொல்லு’ என்றார். எனக்கே வயிற்றைப் பிசைந்தது. பையன் எச்சில் விழுங்கிக்கொண்டு, ‘கடல மிட்டாய் ரெண்டு’ என்றான். அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிப் பேசிக்கொண்டே பாட்டிலைத் திறந்தார். வலப்பக்கம் அவன் எழுதியது: ‘சத்தமா சொல்லுன்னாரு. சொன்னேன். குடுத்தாரு. யாரும் பாக்கல.’ பயம் ஐந்து. அன்றைக்கே மறுபடி மூன்று தடவை அனுப்பினேன். கடைசித் தடவை பயம் இரண்டு. ‘மிட்டாய் போதும் ஆன்ட்டி, போரடிக்குது’ என்றான். போரடிக்கும் வரை என்பதுதான் என் அளவுகோலும்.

இதில் கவனிக்க வேண்டியது, அவன் பயந்ததில் பாதி உண்மையாகவே நடந்தது. அப்படியும் ஒன்றும் ஆகவில்லை. ‘ஒண்ணும் ஆகாது, தைரியமா போ’ என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தால் அண்ணாச்சி குரல் உயர்த்திய உடனே நான் பொய்காரி ஆகியிருப்பேன். பயத்தைக் குறைப்பது ஆறுதல் பேச்சு அல்ல. ‘நான் நினைத்தது ஒன்று, நடந்தது இன்னொன்று’ என்று பிள்ளை தானே கண்டுபிடிப்பதுதான். அதனால்தான் அந்த நோட்டு. சில வாரம் கழித்து விஷயம் விளையாட்டாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் போய் ‘பரோட்டா இருக்கா?’ என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்டுவிட்டு வருவோம். அசடு வழிந்தாலும் உலகம் நின்றுவிடாது என்று தெரியவேண்டுமே.

இப்படிப் படிப்படியாகப் போடும் வரிசையை ஏணி என்போம். உங்கள் மகனுக்கான ஏணி டாய்லெட்டில் தொடங்கவேண்டும், அதுதான் இப்போது உடம்பைப் படுத்துகிறது. வகுப்பு ஆசிரியையோடு பேசி ஒரு சிறிய அட்டை ஏற்பாடு செய்யுங்கள். முதல் வாரம் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்வரலாம், பேசவேண்டாம். அடுத்து அட்டையைக் காட்டி ‘மிஸ்’ என்று ஒரு சொல். அப்புறம் அட்டை இல்லாமல் மேசைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக. அதற்கும் அப்புறம் இருந்த இடத்திலிருந்தே கை தூக்கி, ‘மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்’ முழுசாக. ஒரு படியில் பயம் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்தது. பள்ளிகளில் நான் பார்க்கும் தவறு, அட்டையைக் கொடுத்துவிட்டு வருடம் முழுக்க அப்படியே விட்டுவிடுவது. அப்போது அட்டையே புதிய துப்பட்டா ஆகிவிடும். கொடுக்கும் அன்றைக்கே, எப்போது திரும்ப வாங்குவது என்றும் பேசிவைக்க வேண்டும்.

துப்பட்டா என்றேன் இல்லையா, அங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. கொஞ்சம் கசக்கும். லிஃப்ட்டில் அங்கிள் பெயர் கேட்கிறார். பையன் ஒளிகிறான். இரண்டு நொடி மௌனம் உங்களுக்குத் தாங்காது; ‘இவன் பேர் இது, ஃபோர்த் படிக்கிறான், கொஞ்சம் ஷை டைப்’ என்று நீங்களே மூன்று பதிலையும் சொல்லிவிடுகிறீர்கள். ஓட்டலில் அவன் தோசையை நீங்கள் ஆர்டர் செய்கிறீர்கள். பார்ட்டி அன்று வயிறு வலித்தால் ‘சரி, போகவேண்டாம்’. ஒவ்வொன்றும் பாசத்தால் செய்வது. ஒவ்வொரு முறையும் அவனுக்கு உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை பயத்தைப் பெரிதாக்குகிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர், பிள்ளைக்காகப் பெற்றோர் செய்துகொடுப்பது என்ற இந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் என்ற முறையை உருவாக்கினார். அதில் பிள்ளை தெரபிக்கு வரவே வேண்டாம், அம்மா அப்பா மட்டும் வந்தால் போதும். பதற்ற நோய்கள் உள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை வைத்து நடந்த அவர்களது ஆய்வில், பெற்றோருக்கு மட்டும் கொடுத்த பயிற்சி, பிள்ளைகளுக்கு நேரடியாகக் கொடுத்த சிபிடிக்குக் குறையாத பலன் தந்தது. ‘டாக்டர்கிட்ட வரமாட்டேன்’ என்று காரை விட்டே இறங்காத பிள்ளைகளின் வீட்டுக்கு இதை நான் அடிக்கடி பரிந்துரைப்பேன்.

செய்முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். அவனுக்காக நீங்கள் செய்துகொடுப்பவற்றைப் பட்டியல் போடுங்கள். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள், உதாரணமாக ஓட்டல் ஆர்டர். முன்கூட்டியே, நல்ல மூடில் இருக்கும்போது சொல்லுங்கள்: ‘வெளியில சாப்பிடும்போது கேக்கறதுக்கு உனக்கு பயமா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும் கண்ணா. அந்த பயத்தை உன்னால தாங்கிக்க முடியும்னும் தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து உன் தோசையை நீயே சொல்லணும், நாங்க சொல்லமாட்டோம்.’ பயத்தை ஒப்புக்கொள்வது ஒன்று, நம்பிக்கையைச் சொல்வது ஒன்று. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். முதல் ஞாயிறு அவன் சாப்பிடாமலே வரலாம், கோபப்படலாம், ‘நீ கெட்ட அம்மா’ என்றும் சொல்லலாம். இந்த முறையில் எதிர்பார்க்கப்படுகிற விஷயம்தான் அது. வீட்டுக்கு வந்து தோசை வார்த்துக் கொடுங்கள், தண்டனை வேண்டாம், லெக்சரும் வேண்டாம். பாட்டி தாத்தாவுக்கும் திட்டத்தை விளக்கிவிடுங்கள். நான்கு பேரில் ஒருவர் பரிதாபப்பட்டு ஆர்டர் செய்துவிட்டால் அத்தனையும் வீண்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் நம் ஊரில் உண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் ‘ஆன்ட்டிக்கு ஒரு ரைம் சொல்லு’, கொலுவில் ‘ஒரு பாட்டு பாடினாத்தான் சுண்டல்’, பதில் வராவிட்டால் ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ என்பது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவதை எக்ஸ்போஷர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படி அவன் சம்மதித்த படியாக இருக்கவேண்டும், அவமானம் கலக்கக்கூடாது.

மாத்திரைக்கு வருகிறேன். 2008-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதில் முக்கியமானது. சோஷியல் ஆங்சைட்டி உட்பட மூன்று வகைப் பதற்ற நோய்கள் இருந்த, 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். 12 வாரத்தில் நன்றாகத் தேறியவர்கள்: சிபிடியும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களில் 81 சதவீதம், சிபிடி மட்டும் 60, மாத்திரை மட்டும் 55, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை 24. சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்பது தெளிவு. ஆனால் சிபிடி மட்டுமே பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்பதால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் அதில்தான் தொடங்குவேன். பள்ளிக்கே போவதை நிறுத்திவிட்டான், ஏணியின் முதல் படியில்கூடக் கால் வைக்க முடியவில்லை, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். பொதுவாக செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைதான் தருவார்கள். அடிமையாக்கும் மாத்திரை இல்லை, பலன் தெரியச் சில வாரம் ஆகும். இந்த வகை மாத்திரைகளுக்கு 2004-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை வைத்தது: சிறுவர்களிடம் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த செயலோ வெற்று மாத்திரைக் குழுவில் 2 சதவீதம், மருந்துக் குழுவில் 4 சதவீதம். அந்தச் சோதனைகளில் யாரும் உயிரிழக்கவில்லை. அதனால் தொடங்கிய முதல் சில வாரம் அடிக்கடி டாக்டரைப் பார்ப்பதும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் இருப்பதும் கட்டாயம்.

மற்றவை வேகமாக. விளையாட்டுத் தெரபி, ஓவியத் தெரபி: சின்னப் பிள்ளையிடம் பேச்சைத் தொடங்க நல்ல வாசல், அதோடு நின்றுவிட்டால் சமூகப் பயத்துக்குப் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் குறைவு. பழகும் திறன் பயிற்சி: டெபோரா பைடெல் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு எக்ஸ்போஷரோடு இதையும், கூச்சமில்லாத பிள்ளைகளோடு வெளியே போய்ப் பழகுவதையும் சேர்த்தார்கள். முடிவில் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் என்று சொல்லும் நிலை இல்லை. நம் அப்பார்ட்மெண்ட்டுகளில் அப்படிக் கூச்சமில்லாத பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒரு பையனை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேரம் ஆட வையுங்கள். குழுத் தெரபி கிடைத்தால் விடாதீர்கள், அங்கே அறைக்குள் நுழைவதே எக்ஸ்போஷர். ‘ஸ்டேஜ் ஃபியர்’ போக்கும் ஸ்பீக்கிங் கிளாஸ் ஏணியின் உச்சிப்படி, அதைத் தொடக்கமாக வைத்தால் கசந்துபோகும். அப்படி ஒரு வகுப்பில் மேடையில் உறைந்து நின்றதை வீடியோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்த சிறுவனைப் பார்த்திருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்க வைப்போம் என்று விளம்பரம் செய்யும் மிட் பிரெயின் ஆக்டிவேஷன் வகுப்புகள் பக்கம் போகவே போகாதீர்கள். பயந்த கோளாறு என்று மசூதி வாசலில் மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது, இவற்றுக்கு நான் குறுக்கே நிற்பதில்லை. கட்டிக்கொண்டே வாருங்கள், கடைக்கும் போவோம்.

எங்கே போவது? அரசில் என்றால் உங்களுக்குப் பக்கம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. ‘கீழ்ப்பாக்கமா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். 1794-இல் தொடங்கிய நிலையம் அது, சினிமா நகைச்சுவைகளால் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அந்தப் பெயர் உறுத்தினால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம், அங்கே உடல் பரிசோதனையும் ஒரே இடத்தில் முடியும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். கூட்டத்தால் வாராவாரம் முக்கால் மணி நேரம் கிடைப்பது கடினம். நோயைச் சரியாகக் கண்டறிய, மருந்து வேண்டுமா என்று முடிவுசெய்ய அது போதும். தொடர் தெரபிக்குத் தனியாரிடம் போனால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள அது வேண்டும். ஆன்லைனில் ஒரு மாத சான்றிதழ் வாங்கி ‘சைல்டு கவுன்சலர்’ என்று போர்டு மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ‘அறைக்கு வெளியே பிள்ளையை என்ன செய்ய வைப்பீர்கள்? எங்களுக்கு என்ன வீட்டுப்பாடம்?’ இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பணமோ தூரமோ தடை என்றால், அல்லது இரவில் பயமாக இருந்தால், மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசுவார்கள்.

‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற உங்கள் மாமனாருக்கு: சில பிள்ளைகளுக்கு ஆகிறதுதான். சிகிச்சை இல்லாமல் வளரும் பிள்ளைகளில் கணிசமானவர்களை நான் பிளஸ் டூ வைவாவுக்கு முந்தைய வாரம் பார்க்கிறேன், அல்லது கல்லூரி முதல் செமஸ்டரோடு நின்றுவிட்ட பிறகு. ஒன்பது வயதில் ஏணிக்கு நாலு படி போதும். பதினேழில் தவிர்ப்பதற்கான வழிகள் அத்தனையையும் பிள்ளை கற்றுத் தேர்ந்திருக்கும்.

முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன் இரண்டு வாரம் ஒன்று செய்யுங்கள். பாட்டிலில் பக்கவாட்டில் மார்க்கரால் நாலு கோடு போட்டு, தினமும் மாலை எந்தக் கோடு வரை காலியாகியிருக்கிறது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். அவனிடம் எதுவும் கேட்கவேண்டாம், திட்டவும் வேண்டாம். யாரிடம் போனாலும் அந்தக் காலண்டர் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். அட்டை ஏற்பாடு வேலை செய்கிறதா என்று முதலில் சொல்லப்போவதும் அதுதான்.